முயலுக்குச் சாமை விதைத்தவர்

போன கிழமை நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். கனடாவில் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய துவக்கு, அந்தக் காலத்து நீளக் குழல் துப்பாக்கி. "இதைப்போலை ஒண்டு எங்கடை ஊரிலையும் இருந்ததெல்லே, ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டிருந்தாள். கும்பிடும் கைகளும் பூக்களும் வந்து விழுந்தனவே தவிர ஒருவரும் பதில் எழுதவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் மட்டும் எல்லோருக்கும் விரல் ஓடும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. குழுவில் எழுதினால் பாதியில் யாராவது காலை வணக்கம் போட்டுக் குழப்பிவிடுவீர்கள் என்பதால் இப்படித் தனியாக எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

ஊரில் இருந்த அந்தத் துவக்கு என் தாய்மாமனுடையது. ஊரில் அவரை வெடிகாரர் என்பார்கள். எனக்கு அவர் வெடிமாமா. அவர் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலி, அந்த வேலியில் நானே நாளுக்கு நாள் பெருப்பித்த ஒரு பொட்டு, ஆள் நுழைகிற ஓட்டை. தென்மராட்சியில் வேட்டைக்காரர்கள் வேறும் இருந்தார்கள். கையில் ஒரு துவக்கு, பின்னால் ஒரு நாய், வாயில் ஒரு சுருட்டு என்று திரிவார்கள். மாமா அந்த வகை இல்லை. நெட்டையான மனிதர், கதை குறைவு, நடந்தால் சருகு நெரியாது. அவருக்கு இரண்டு விசர், இரண்டு பைத்தியம் இருந்தன. ஒன்று, பழைய துவக்குகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது. மற்றது, புதர் மண்டிய பற்றைக்காட்டுக்குள் முயலுக்கும் கௌதாரிக்கும் தோட்டம் செய்வது. முதலாவதை ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. இரண்டாவதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டது.

பங்குனி வெயில் ஏறியதும் ஒரு நாள் துவக்குகளையெல்லாம் வெளியே எடுத்து, முற்றத்தில் பனையோலைப் பாய் விரித்து, வடகம் காயவைப்பதுபோல அடுக்குவார். மாமி அன்றைக்குக் குசினியை விட்டு வெளியே வரமாட்டார். "பிரேதத்தை அடுக்கினமாதிரி அடுக்கி வைச்சிருக்கிறார், விளக்குமாறு போடக்கூட இடமில்லை" என்று உள்ளிருந்தே புறுபுறுப்பார். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பாயின் ஓரத்தில் போய் இருந்துவிடுவேன். தொடக்கூடாது, பார்க்கலாம். அதுதான் ஒப்பந்தம்.

மலைநாட்டில் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. அதன் குழலில் பாம்புச்சட்டைபோல நெளிநெளியாக வரியிருக்கும். இன்னொன்றின் மரப்பிடி செல்லரித்து உதிர்ந்துபோக, முதிரைக் கட்டையில் தானே புதிதாகச் செதுக்கிப் பொருத்தியிருந்தார். இன்னொன்று வெறும் குழல்தான். வடமராட்சியில் எங்கோ ஒரு வீட்டுக்குத் தண்ணீர் கேட்டுப் போனவர், அந்த வீட்டுக்காரி ஒரு துவக்குக் குழலால் அடுப்பூதிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். அடுத்த நாளே புதுப் பித்தளை ஊதுகுழல் ஒன்று வாங்கிக்கொண்டுபோய் மாற்றிவந்தார். "விசரன்" என்று அவள் படலை வரைக்கும் வந்து சிரித்தாளாம். அதை மாமாவே சொல்லிச் சிரிப்பார்.

எல்லாவற்றிலும் பெரியது ஒல்லாந்தர் காலத்துத் துவக்கு. நிறுத்தி வைத்தால் என்னைவிட உயரம். விசைக்கு மேலே இரும்பு வாய் ஒன்று, அது ஒரு சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். தையல்மெசின் எண்ணெய் பூசிய துணியால் துடைத்துவிட்டு, குழலைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்ப்பார். ஒருமுறை எனக்கும் பிடித்தார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகச் சுழன்று, போய்க்கொண்டே இருந்தது. கோபுரத்துக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி. எனக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஒரு இரும்புக் குழாய்க்குள் இவ்வளவு தூரம் இருக்கும் என்று யார் கண்டது?

அந்தப் பெரிய துவக்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் வெடிக்கும். நம் முருகன் கோயில் வேட்டைத் திருவிழா உங்களுக்கு நினைவிருக்கும். பொழுது சாய்கிற நேரம் சுவாமி குதிரை வாகனத்தில் மேற்கே பற்றைக்காட்டு ஓரத்துக்கு வேட்டையாட வருவார். ஐயர் ஒரு நீற்றுப்பூசணியை மிருகம் என்று பாவித்து வெட்டுவார். உடனே வெடி விழவேண்டும். குண்டு கிடையாது, மருந்தும் தும்பும் மட்டும், வானத்தைப் பார்த்து. அந்த வெடி விழுந்த பிறகுதான் சுவாமி கோயிலுக்குத் திரும்பலாம், அதுதான் முறை. அதை வைக்கும் உரிமை மாமாவின் பரம்பரைக்கு. அன்றைக்கு மாமா தலைப்பாகை கட்டி நிற்பதைப் பார்த்தால், சுவாமியே இவருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பற்றைக்காடு கோயில் காணி. மாமா அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வடலிப் பனையும் காரையும் ஈச்சையும் மண்டிக் கிடந்த காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிபண்ணி, ஒன்றில் சாமை, ஒன்றில் பயறு, ஓரங்களில் எள்ளு. பாயளவில் சில பாத்திகள், முற்றத்தளவில் சில. மாசி ஈரத்தில் விதைப்பார். ஈரம் காய்ந்தால் துரவில் அள்ளிச் சைக்கிளில் வாளி கட்டிக் கொண்டுபோய் ஊற்றுவார். விளைந்தால் அறுக்கமாட்டார். அப்படியே விட்டுவிடுவார்.

எந்தக் காலத்தில் என்று யோசியுங்கள். பேக்கரியில் பாணுக்கு விடிய முன்னமே வரிசையில் நின்ற காலம். மரவள்ளிக்கிழங்கை அவித்தும் துவைத்தும் இடித்தும், கடைசியில் அதைக் கண்டாலே ஓடிய காலம். என் அப்பா சங்கக்கடையில் கூப்பனுக்கு அரிசி நிறுக்கிறவர். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றாமலே கதிரையில் விழுவார். ஒரு நாள் மாமா சாமை விதை மூட்டையைச் சைக்கிளில் கட்டுவதை வேலிக்கு மேலால் கண்டுவிட்டார்.

"மச்சான், நான் பகல் முழுக்கச் சனத்துக்கு இல்லை, இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாறன். நீ தானியத்தைக் கொண்டுபோய்ப் பற்றைக்குள்ளை வீசுறாய்."

"வீசேல்லை அத்தான். விதைக்கிறன்."

"முசலுக்கு!"

"ஓம். முசலுக்கும்."

"தீன் போட்டு வரப்பண்ணிச் சுடுறதுக்குப் பேர் வேட்டையோ? உது நம்பிக்கைத் துரோகமடா."

"தீன் போட்ட இடத்திலை நான் வெடி வைக்கிறேல்லை. சுடுறதெண்டால் ஆனையிறவுக்கு அங்காலை போய்த்தான் சுடுறனான். எல்லா இடத்திலையும் சுட்டுத் தீர்த்தால் பிறகு எதைச் சுடுறது?"

அப்பா நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. வேட்டைக்காரன் சொல்லும் நியாயத்தை யார்தான் நம்புவார்கள்? அவர் வீட்டு அடுப்புக்கு மேலே முயல் வத்தல் தொங்கியதும் உண்மைதானே. மாமா அதற்குமேல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆளில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாமியும் அப்பாவின் பக்கம்தான். வெளிநாட்டு மிளகாய் வராமல் நின்றுபோய், தோட்டக்காரருக்குக் காசு கொட்டத் தொடங்கியிருந்தது. "ஊரெல்லாம் மிளகாய் போட்டுக் கல்வீடு கட்டுது. இந்த மனிசன் முசலுக்குச் சாமை போடுது" என்று அவர் அம்மாவிடம் மூக்கைச் சிந்துவார். அம்மாவும் தம்பியை விட்டுக்கொடுக்க முடியாமல், "உவன் சின்னனிலையே அப்பிடித்தான்" என்பார்.

சித்திரை முடிவில் ஒரு விடியற்காலை, விறகுக்குக் கங்குமட்டை பொறுக்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் போனார். வடலிகளுக்கு இடையால் குனிந்து போனவர் திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்துக் குந்தவைத்தார். எதிரே ஒரு சாமைப் பாத்தி. வெயில் அப்போதுதான் சாமைத் தாள்களில் விழுந்துகொண்டிருந்தது. கௌதாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. குஞ்சுகள் தாயின் காலுக்குள் தடக்கி விழுந்து எழும்பின. ஒரு முயல் நிமிர்ந்து இருந்து எங்களையே பார்த்தது. அதன் காதுகளுக்குள்ளால் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. காடையும் புறாவுமாக நிலமே அசைந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படியொன்று தினமும் நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆச்சரியத்தில் எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தபடி இருந்தன. வெகுநேரம் கழித்து, "விசரன்தான்" என்று மெல்லச் சொன்னார். அன்றைக்குக் கங்குமட்டை பொறுக்காமலே வீடு திரும்பினோம். அப்பாவிடம் அம்மா இதை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வைகாசியில் அந்தக் கட்டளை வந்தது. தெற்கில் ஏதோ குழப்பம், அரசாங்கம் பயந்துபோயிருந்தது. ஆரிடம் என்ன துவக்கு இருந்தாலும் பொலிசில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று கிராம அதிகாரி விதானையார் சைக்கிளில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். மாமா அதைக் கேட்டபின் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேட்டைக்குக் கொண்டுபோகும் ஒன்று போனால் போகட்டும். மற்றவை, திருவிழாவுக்கு வெடிக்கும் பெரியதைத் தவிர, சுடவும் மாட்டா, விற்கவும் பெறுமதியில்லை. ஆனால் ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்த வீடு, எந்தப் பரண் என்று அவருக்குத் தெரியும். அவர் வாலிபம் முழுவதும் அந்தப் பாயில்தான் கிடந்தது.

அப்போதுதான் கோயில் மனேச்சர் அவர் வீட்டுக்கு வந்தார். கோயிலின் வரவுசெலவும் காணியும் அவர் கையில். வெள்ளை வேட்டி, தங்கப் பல், அதிர்ந்து கதைக்காத மனிதர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நான் வேலிப் பொட்டருகே நின்றேன்.

"தம்பி, துவக்கெல்லாம் கோயில் சொத்து எண்டு நான் ஒரு வார்த்தை சொன்னால் காணும். பொலிஸ் பெரியவர் எனக்குப் பழக்கம். எல்லாத்தையும் கோயில் அறையிலை வைச்சுப் பூட்டித் திறப்பை உம்மட்டையே தரலாம். திருவிழா வெடியும் நிண்டுபோகாது."

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஆனால் ஒண்டு" என்றார் மனேச்சர். "பற்றைக் காணியை விட்டுத் தாரும். குத்தகை இன்னும் ரண்டு மூண்டு வருசம் இருக்குது, நீர் மாட்டன் எண்டால் நான் கேக்கேலாது. வெட்டித் துப்புரவாக்கி மிளகாய் போடுவம். கோயிலுக்கும் வருமானம், சனத்துக்கும் வேலை. முசலுக்குத் தின்னக் குடுக்கிற காலமே தம்பி இது?"

"யோசிச்சுச் சொல்லுறன், மனேச்சர்."

மனேச்சர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் முழுக்க நினைத்தது. துவக்கென்றால் அவருக்கு உயிர், காணியைக் கொடுத்துவிடுவார் என்று மாமி உழுகிறதற்கு ஆள்கூடப் பேசத் தொடங்கிவிட்டார். சுவாமி வேட்டைக்கு வருகிற காட்டையே வெட்டி மிளகாய் போட்டுவிட்டால், அடுத்த வருடம் சுவாமி எங்கே வேட்டைக்குப் போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மனேச்சரும் கேட்கவில்லை, ஐயரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது மிளகாய் விலை அப்படி இருந்தது.

திருவிழாவுக்கு முந்திய கிழமை, ஒரு காலையில் மாமா மாட்டு வண்டிலைப் பூட்டி முற்றத்தில் நிறுத்தினார். துவக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் பூசி, வேட்டித் துணியில் சுற்றி, வைக்கோல் மேல் படுக்கவைத்தார். கோயிலுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று மாமி நினைத்து வண்டிலுக்குக் குங்குமம் வைக்க வந்தார்.

"பொலிசுக்கு" என்றார் மாமா.

மாமி குங்குமச் சிமிழை வாசற்படியில் வைத்தார். "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? மனேச்சர் கேட்ட காணியைக் குடுத்தால் முடிஞ்சுதெல்லே!"

"துவக்கு என்னட்டை இல்லாட்டியும் எங்கையாவது கிடக்கும். உதுகள் தீன் இல்லாட்டி இல்லாமலே போயிடும்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "என்னை நம்பி வரப் பழகிட்டுதுகள்" என்றார்.

அப்பா வேலியருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டிலில் ஏறி மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தார். சங்கக்கடைக்கு அன்றைக்கு அவர் போகவில்லை. அது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

பின்னேரம் அப்பாதான் வந்து சொன்னார். பொலிஸ் நிலையத்துப் பின் விறாந்தையில் துவக்குகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தனவாம். வாங்கிய பொலிஸ்காரர் பெரிய துவக்கையும் அந்தக் குவியலில் எறிய, மாமா போய் அதை எடுத்துத் துடைத்து, சுவரோரமாகச் சாத்திவைத்துவிட்டு வந்தாராம். அடுப்பூதிய குழலை மட்டும், "இது துவக்கில்லை, குழாய்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொல்லிக்கொண்டிருந்த அப்பா திடீரென்று எழுந்து கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார். துவக்குகள் திரும்பி வரவேயில்லை. மாமா கேட்டுப் போகவும் இல்லை.

வேட்டைத் திருவிழா வந்தது. அளவெட்டி மேளம், பந்தம், குடை, ஆலவட்டம் எல்லாம் வழக்கம்போல. சுவாமி குதிரையில் ஆடி ஆடிப் பற்றைக்காட்டு ஓரத்துக்கு வந்துசேர்ந்தபோது பொழுது பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா தலைப்பாகையோடு தன் இடத்தில் நின்றார். கைகள் வெறுமையாகத் தொங்கின. அந்த நெட்டை மனிதருக்குத் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஐயர் பூசணியை வெட்டினார். மேளம் நின்றது. எல்லோரும் வெடிக்காகக் காத்து நின்றார்கள், பழக்கத்தில். பிறகு ஒவ்வொருவராக உணர்ந்தார்கள். மனேச்சர் பட்டணமெல்லாம் சீனவெடி தேடியும் கிடைக்காமல் வந்திருந்தார். "சரி, சரி, திருப்புங்கோ" என்று மெல்லச் சொன்னார்.

"வெடி விழாமல் சுவாமி திரும்புறேல்லை" என்றார் ஐயர்.

"துவக்கு இல்லை ஐயா. என்ன செய்யிறது?"

"அது எனக்குத் தெரியாது. முறை அதுதான்."

வாகனத்தைத் தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். கூட்டத்துக்குள் கதை தொடங்கியது. "முசலுக்காகச் சாமியை நடுத்தெருவிலை விட்டிட்டான்" என்று யாரோ கேட்கும்படியாகவே சொன்னார்கள். ஊருக்கு ஏதும் வந்தால் இவரால்தான் என்றது இன்னொரு குரல். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் மாமா சுவாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். சுவாமிக்கு முன்னாலேயே கடந்து, பற்றைக்குள் இறங்கினார். முற்றிய சாமைக்கு நடுவே அவர் முதுகு தெரிந்தது. நின்றார். இரண்டு கையையும் உயர்த்தி, ஒரே ஒருமுறை, ஓங்கித் தட்டினார்.

காடு எழும்பியது. எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலடியிலிருந்து கௌதாரிகள் படபடத்துச் சிதறின. அந்தச் சத்தத்தில் அடுத்த பாத்தி எழும்பியது, அதற்கு அடுத்தது எழும்பியது, காட்டின் அந்தக் கரை வரைக்கும் அடைய வந்த புறாவும் காடையும் பெயர் தெரியாத சின்னக் குருவிகளும் ஒன்றாகக் கிளம்பி, நேரே எங்கள் தலைக்கு மேலால் வந்தன. செட்டைக் காற்றில் பந்தங்கள் சாய்ந்தன. சுவாமியின் பட்டு பறந்தது, மாலையில் இருந்து பூ உதிர்ந்தது. முயல்கள் ஆட்களின் கால்களுக்கு இடையாலும், வாகனத்துக்குக் கீழாலும் பாய்ந்து ஓடின. நெஞ்சுக்குள் இடித்தது அந்தச் சத்தம். பிறகு நம் தலைமுறை எவ்வளவோ சத்தம் கேட்டுவிட்டது, உங்களுக்குத் தெரியும். இது போன்ற ஒன்றை நான் மறுபடி கேட்கவில்லை.

அது ஓய்ந்தது. சின்னச் சின்னத் தூவிகள் வெளிச்சத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. தவில்காரர் கம்பைத் தூக்கியபடியே நின்றார். என் அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்திருந்தார், முகம் சுவாமியின் பக்கம் இருக்கவில்லை. மனேச்சர் தங்கப் பல் தெரிய வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். தோளில் விழுந்த ஒரு தூவியை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் செருகிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வெடி விழுந்திட்டுது" என்றார். "சாமியைத் திருப்புங்கோ."

மேளம் மறுபடி முழங்கியது. சனம் முழுக்கச் சுவாமியோடு கோயிலுக்குத் திரும்பியது. மாமா மட்டும் சாமைக்குள் நின்று, கையைப் புருவத்தில் வைத்து, எது எது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.